‘பரவாயில்லை’ என்னும் தீர்ப்பு: பொதுப் பார்வையாளனும் அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்களும்

படம் முடிந்து படமாளிகையின் வாயிலைக் கடப்பதற்கு முன்பே பார்வையாளன் தன் தீர்ப்பை வழங்கிவிடுகிறான். “பரவாயில்லை”, “ஒருக்காப் பார்க்கலாம்”, “சரியான இழுவை”, “முடிவு விளங்கேல்லை” என்னும் நான்கைந்து தொடர்களுக்குள் அத்தீர்ப்பு அடங்கிவிடும். அதற்கு அவன் காரணம் காட்டுவதில்லை. காட்டுமாறு அவனை எவரும் கேட்பதுமில்லை. தேநீர்க் கடையில் ஒருமுறையும் வீட்டுத் திண்ணையில் ஒருமுறையும் சொல்லப்பட்டு மறுநாளே அது மறக்கப்படுகிறது. எனினும் ஒரு திரைப்படம் இரண்டாவது வாரத்தைக் காணுமா, அதன் நெறியாளன் அடுத்த படத்தை எடுக்க முதலாளி கிடைப்பானா என்பவற்றை நிர்ணயிப்பவை இத்தகைய தீர்ப்புகளின் கூட்டுத்தொகையேயன்றி, சஞ்சிகைகளில் வெளியாகும் விமரிசனங்கள் அல்ல. வாய்மொழியாக மட்டும் வழங்கும் இவ்விமரிசனத்துக்கும் ஒரு தருக்கம் உண்டு, ஒரு வரலாறு உண்டு. அதன் வன்மையும் வறுமையும் எவ்விடத்தில் உள்ளன என்பதை அண்மையில் வெளிவந்த சில படங்களை முன்வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

ஈழத்துத் தமிழ் விமரிசனம் இந்தப் பொதுப் பார்வையாளனை இருவகையாகவே நோக்கி வந்துள்ளது எனலாம். ஒரு சாரார்க்கு அவன் ஏமாற்றப்பட்டவன். கோடம்பாக்கம் உற்பத்தி செய்த கனவுகளை விலைகொடுத்து வாங்கித் தன் வாழ்க்கையின் முரண்பாடுகளை மறந்திருப்பவன். மற்றொரு சாரார்க்கு அவன் ஒரு சமூகவியல் தரவு. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்தபோது, தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது அரங்கு சினிமாக் கொட்டகையே என்னும் உண்மையை எடுத்துக்காட்டினார். கோயில் வீதியிற் கூத்தும் சதிரும் பார்க்கப் பிறப்பு ஒரு நிபந்தனையாக இருந்த சமுதாயத்தில், கொட்டகையின் இருக்கையைப் பணம் மட்டுமே தீர்மானித்தது என்பது சிறிய மாற்றம் அன்று. ஆயின் அந்தக் கூரையின் கீழ் அமர்ந்தவன் எழுந்து வெளியேறும்போது என்ன சொன்னான் என்பதைப் பின்வந்தோர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவன் பேசுவான் என்பதே மறக்கப்பட்டது.

அவன் எங்கிருந்து பார்த்தான் என்பதும் அவன் தீர்ப்பின் ஒரு பகுதியே. யாழ்ப்பாணத்தில் வின்சர், றீகல், ராணி, ராஜா, மனோகரா, லிடோ, வெலிங்டன் என்று படமாளிகைகளின் பெயரைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்குக் காலமும் கூட்டமும் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்த தலைமுறையின் அனுபவம் முற்றிலும் வேறானது. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்த ஆண்டுகளில், தொலைக்காட்சிப் பெட்டி, ‘டெக்’, ‘ஜெனரேற்றர்’ ஆகியவற்றை வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, அயலட்டை முழுவதும் கூடியிருந்து ஒரே இரவில் மூன்று நான்கு படங்களைப் பார்ப்பது வழக்கமாயிற்று. பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் ஜெனரேற்றரில் எரிந்த ஒவ்வொரு துளி எண்ணெயும் வீட்டு விளக்குக்கு உரியதாக இருந்தது. ஆதலால் “இழுவை” என்ற சொல் அங்கு அழகியற் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. அது கணக்குச் சொல்லாகவும் இருந்தது. மெல்ல நகரும் காட்சி எண்ணெயைக் குடித்தது. “உந்தப் பாட்டை ஓட்டிவிடு தம்பி” என்று பின்வரிசையிலிருந்து எழுந்த குரலே அக்காலத்துப் படத்தொகுப்பாளன் எனலாம். இன்று அதே பார்வையாளனின் பிள்ளை கைத்தொலைபேசியில் விரலால் பத்துப் பத்து விநாடிகளாகத் தள்ளிக்கொண்டு போகிறான். எண்ணெய்ப் பஞ்சம் நீங்கிய பின்னரும் அவசரம் நீங்கவில்லை.

இந்த “இழுவை” என்னும் சொல்லைச் சோதிப்பதற்கு 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 ஆம் திகதி ஒரு நல்ல வாய்ப்பை அளித்தது. மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் அன்றைய ஒரே நாளில் திரைக்கு வந்தன. இரண்டும் தென் தமிழ்நாட்டுக் கிராமத்தைக் களமாகக் கொண்டவை. இரண்டும் சாதியும் வறுமையும் மனித உடலின்மீது செய்வதைப் பேசுபவை. இரண்டிலும் வழமையான கதாநாயகன் இல்லை. பொதுப் பார்வையாளன் முதலாவதை அணைத்துக்கொண்டான். இரண்டாவதைக் கண்டு தயங்கினான்; பலர் சினந்தனர். இத்தகைய படத்தைத் திரைப்பட விழாக்களோடு நிறுத்தியிருக்கலாம் என்ற குரல் தமிழ்நாட்டுத் திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது.

‘வாழை’ பார்வையாளனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. வாழைக்குலை சுமக்கும் சிறுவனின் கழுத்து வலி அதன் முதற்பாதியில் இருக்கிறது. ஆனால் அவ்வலியோடு ரஜினியா கமலா என்று நண்பனோடு அவன் பிடிக்கும் சண்டையும், வகுப்பாசிரியைமீது அவனுக்குள்ள வெகுளித்தனமான பிரியமும் சேர்ந்தே வருகின்றன. நீர்வேலிச் சந்தையிற் குலைக்கு விலைபேசிப் பழகிய ஒருவனுக்கு, குலையொன்றுக்கு ஒரு ரூபாய் கூட்டித்தர வேண்டும் என்று கேட்கும் கூலியாளனின் நியாயத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை. கூலியுயர்வை வென்றெடுத்த தொழிலாளர் குலையேற்றிய லொறியின் மேலேயே ஏறிச்செல்ல நேர்கையில், கொடுத்த ரூபாயை முதலாளி எவ்வாறு திருப்பி எடுத்துக்கொள்கிறான் என்பதும் அவனுக்கு விளங்குகிறது. இறுதியில் மரண ஓலத்தின் நடுவிலும் பசி அடங்காத சிறுவன் சோற்றுக்குக் கைநீட்டும்போது அரங்கு விம்முகிறது. நெறியாளர் தாம் சிறுவயதிற் கண்ட உண்மை நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டே இதனை அமைத்தார் என்ற செய்தி அவ்விம்மலுக்கு மேலும் வலுவூட்டிற்று.

இங்கு பார்வையாளன் அளித்த “நல்ல படம், அழுதுபோட்டன்” என்னும் தீர்ப்பு சரியானதே. எனினும் அத்தீர்ப்பு எதைப் போற்றுகிறது என்பதிலே ஒரு சிக்கல் உண்டு. அவன் அழுதது விபத்துக்காக. விபத்துக்கு முந்திய நாள்களில், விடுமுறை நாளிலும் ஒரு பிள்ளை சுமைதூக்க அனுப்பப்படுவதற்காக அவன் அழவில்லை. அப்பகுதிகளில் அவன் பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருந்தான். லொறி கவிழாதிருந்தால் அவ்வாழ்க்கை அழுகைக்குரியதாகத் தோன்றியிருக்குமா என்ற வினாவைப் படம் கேட்கிறதா, அல்லது பார்வையாளனின் கண்ணீரைப் பெற்றுக்கொண்டு அவ்வினாவை விட்டுவிடுகிறதா என்பது விவாதத்துக்குரியது. பின்னணி இசையின் உரத்த ஓலம் இரண்டாவது ஐயத்துக்கே இடந்தருகிறது.

‘கொட்டுக்காளி’யில் இசையே இல்லை. 2024 பெப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவிற் காட்டப்பட்ட இப்படத்தின் கதையை இரண்டு வாக்கியங்களிற் சொல்லிவிடலாம். வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனா என்னும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பும் குடும்பத்தார், அவளை மணக்கவிருக்கும் உறவினனான பாண்டியோடு, ஓட்டோவிலும் மோட்டார்ச் சைக்கிள்களிலுமாக ஒரு பூசாரியிடம் அழைத்துச் செல்கின்றனர். பலிக்குரிய சேவல் ஒன்றும் உடன் செல்கிறது. படம் என்பது அந்தப் பயணமே. வழியில் ஆண்கள் அடிக்கடி நின்று இளைப்பாறுகின்றனர். எருது ஒன்று பாதையை மறித்து நிற்க, வளர்ந்த ஆண்கள் செய்வதறியாது நிற்கையில் ஒரு சிறுமி வந்து அதை அழைத்துச் செல்கிறாள். படம் முழுவதிலும் மீனா ஏறத்தாழ எதுவும் பேசுவதில்லை. எங்கோ ஒலிக்கும் பாடலை அவள் மெல்ல முணுமுணுத்தாள் என்பதற்காகப் பாண்டி வெறிகொண்டு அடிக்கிறான். அவளை மட்டுமன்றித் தடுக்கவந்த பெண்களையும் அடிக்கிறான். அக்காட்சியில் இசை இல்லாமையின் பொருள் விளங்குகிறது. பார்வையாளன் எப்போது அஞ்சவேண்டும், எப்போது இரங்கவேண்டும் என்பதைச் சொல்லித்தரும் வயலின்கள் அங்கு இல்லை. அடியின் ஓசை மட்டுமே உண்டு.

பார்வையாளனைச் சினக்கச் செய்தது முடிவு. பூசாரியின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ அசைகிறது. அவன் என்ன செய்யப்போகிறான் என்பதைக் காட்டாமலே படம் நின்றுவிடுகிறது. “முடிவு விளங்கேல்லை” என்ற முறைப்பாடு இவ்விடத்தில் எழுந்ததே. உண்மையில் அவனுக்கு முடிவு விளங்காமல் இல்லை. பாண்டி திருந்தினான் என்று சொல்லியிருந்தால் அவன் ஆறுதலடைந்திருப்பான். திருந்தவில்லை என்று சொல்லியிருந்தால் பாண்டியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இரண்டு வழியும் அடைக்கப்பட்டதனால் வினா அவனோடு வீட்டுக்கு வருகிறது. பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவன் வினாவை விலைக்கு வாங்க வரவில்லை என்பது அவனுடைய நியாயம். அந்த நியாயத்தை ஏளனம் செய்வது கற்றோர்க்கு எளிது. ஆயின் வேலைநாள் முடிந்து களைத்து வந்தவனிடம், அவன் அறியாத ஒரு திரைமொழியை முன்னறிவிப்பின்றி வைத்துவிட்டு, அவன் தோற்றுவிட்டான் என்று கூறுவது விமரிசனம் ஆகாது. குறை பார்வையாளனிடம் மட்டுமா, அவனுக்கு ஐம்பது ஆண்டுகளாக ஒரே உணவைப் பரிமாறிய தொழிலிடமா என்பதும் எண்ணத்தக்கது.

இந்த முரண்பாட்டை ஈழம் முன்னரே ஒருமுறை கண்டுள்ளது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தோற்றமும் ஏற்படுத்திய சூழலில் ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ முதலிய உள்நாட்டுத் தமிழ்ப் படங்கள் தோன்றின. அவற்றின் நடுவே, சிங்களத் திரையுலகின் முன்னணி நெறியாளரான தர்மசேன பத்திராஜா, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்திலே எடுத்தார். சீதனமின்மையாற் கன்னியாகவே இருக்கும் மூத்தவள், வேறு சாதி இளைஞனை விரும்பும் இளையவள், மரணத்தில் முடியும் அவ்விருப்பு என்று கதையும் ‘கொட்டுக்காளி’க்கு அயலிலே நிற்பது. கமரா அவசரமின்றி நின்று பார்த்தது, மௌனங்கள் நீண்டன. எம். ஜி. ஆர்., சிவாஜி படங்களில் ஊறியிருந்த யாழ்ப்பாணத்துப் பார்வையாளன் அதனை ஏற்கவில்லை. படமாளிகைகளில் அது நிலைக்கவில்லை. இன்று ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் என்று பேச்செடுக்கும் எவரும் முதலிற் சொல்லும் பெயர்களுள் ஒன்று அதுவே. அன்று எழுந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழக மண்டபங்களிலே அதை அமைதியாக இருந்து பார்க்கின்றனர்.

இதனைக் கொண்டு “காலம் நெறியாளர் பக்கமே நிற்கும்” என்று கூறிவிடுவது பிழை. காலம் பத்திராஜாவின் பக்கம் வந்து சேர்ந்தபோது ஈழத்தில் ஒரு தமிழ்த் திரைப்படத் தொழிலே இருக்கவில்லை. பார்வையாளன் அன்று சொன்ன “இழுவை” ஒரு படத்தை மட்டும் வீழ்த்தவில்லை. அதன் வழியில் வந்திருக்கக்கூடிய பத்துப் படங்களையும் வராமற் செய்வதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. 1983 இன் வன்செயல்களும் அதன் பின்வந்த போரும் பெரும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை வருவதற்கு முன்னரே தன் முகத்தைத் திரையிற் காண விரும்பாத ஒரு சமூகம் அங்கு இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

பெரும்படங்களைப் பொறுத்தவரை இப்பார்வையாளன் வேறொருவனாகிவிடுகிறான். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022 இலும் 2023 இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது, “இழுவை” என்ற சொல் கேட்கவில்லை. “புத்தகத்தில் அப்பிடி இல்லையே” என்பதே கேட்டது. 1950களின் முற்பகுதியிற் கல்கியில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த வீடுகள் யாழ்ப்பாணத்திற் பல. அவ்வீட்டாரின் தீர்ப்பு திரைப்படத்தைப் பற்றியதன்று. தம் மனத்திலே ஏற்கெனவே ஓடி முடிந்த வேறொரு படத்தைப் பற்றியது. இதைப்பற்றி மேலும் சொல்ல அதிகம் இல்லை.

ச. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ 2024 செப்டெம்பரில் வெளியானது. சொத்துப் பிணக்கினால் தஞ்சாவூர் வீட்டை இழந்து, 1996 இல் சென்னைக்குப் போய்விடும் ஒரு குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தின் பின் உறவினர் திருமணத்துக்காகத் திரும்பி வருகிறான். தன்மீது அளவிலா அன்பு காட்டும் ஓர் உறவினனை அங்கு சந்திக்கிறான். அவன் பெயர் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூசுகிறான். ஓரிரவு முழுவதும் பேசிக் கழிக்கின்றனர். நிகழ்ச்சி என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஓடிய படம் நீளமாக உள்ளது என்ற முறைப்பாடு எழ, வெளியாகிச் சில நாள்களுக்குள்ளேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. இருவரும் இரவிலே பேசும் உரையாடலின் பகுதிகளும் அவ்வெட்டிற் போயின. பொதுப் பார்வையாளனின் வாய்மொழித் தீர்ப்பு கத்திரிக்கோலாக மாறுவதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆனால் எந்தப் பார்வையாளனின் தீர்ப்பு அது? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் முதல்நாட் காட்சி பார்த்தவனின் தீர்ப்பு. அதே படத்தை யாழ்ப்பாணத்திலோ, வன்னியிலோ, இங்கிருந்து போய்க் கனடாவின் பனியிலோ இருந்து பார்த்தவன் தொடக்கக் காட்சிகளிலேயே வேறொரு படத்துக்குள் நுழைந்துவிடுகிறான். வீட்டைப் பூட்டிவிட்டு, திரும்பி வருவோமா என்று அறியாமல் இரவோடிரவாக நடந்தவனுக்கு, திரையில் ஓர் இளைஞன் வீட்டைவிட்டு நீங்குவது மூன்று நிமிடக் காட்சி அன்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையிற் செம்மணி வெளியைக் கடந்து சென்றது. அந்த வெளியை நடந்து கடந்தவர்களுள் ஒருவரேனும் இப்படத்தை “இழுவை” என்று சொன்னதாகக் கொள்வது கடினம். எந்தக் காட்சி நீளமானது என்பதைக் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை இங்கு காண்கிறோம். எனினும் வெட்டிய பின்னர் இலங்கையின் அரங்குகளை அடைந்ததும் அக்குறுகிய வடிவமே. இந்நாட்டுப் பார்வையாளன் படத்துக்குப் பணம் கொடுக்கிறான், அபிப்பிராயமும் கொடுக்கிறான், பணம் மட்டுமே பாக்குநீரிணையைக் கடந்து போய்ச் சேர்கிறது.

அவன் சிந்தும் கண்ணீரையும் முழுதாகப் போற்றிவிட முடியாது. தஞ்சாவூர் மகனின் இழப்பில் தன் இழப்பைக் காணத் தெரிந்தவன், 1990 ஒக்டோபரில் அதே யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் ஆண்டுகளைக் கழித்த முஸ்லிம் அயலவனின் வீட்டையும் அத்திரையிற் கண்டானா? திரைப்படம் அவனிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை. ஒத்துணர்வு பெரும்பாலும் தன்னிலிருந்து தொடங்கித் தன்னிலேயே முடிந்துவிடுகிறது என்பதற்குப் படமாளிகை இருட்டு நல்ல இடம்.

இறுதியாக, ஈழத்துப் பார்வையாளன் தன் அபிப்பிராயத்தை அதிக உரிமையோடு சொன்ன படம் ஒன்றுண்டு. 2025 மே 1 ஆம் திகதி வெளியான, அபிஷன் ஜீவிந்த் நெறியாண்ட ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. பொருளாதார நெருக்கடியினால் இலங்கையை விட்டுப் படகேறி இராமேசுவரத்தில் இறங்கும் தாய், தந்தை, இரு மகன்மார் கொண்ட குடும்பம், சென்னைக் குடியிருப்பொன்றிற் தம் அடையாளத்தை மறைத்து வாழ முயல்வதே கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தனர். தமிழ்நாட்டிற் பெருவெற்றி பெற்ற அப்படத்தைப் பற்றி இங்கு எழுந்த முதற் பேச்சு முழுவதும் தமிழைப் பற்றியதாகவே இருந்தது. “எங்கட தமிழ் சரியாய் வரேல்லை” என்றும், “முந்தினதுகளுக்கு இது எவ்வளவோ மேல்” என்றும் இரு கட்சிகள் தோன்றின. இவ்வழக்கு புதிதன்று. கமல்ஹாசன் ‘தெனாலி’யில் (2000) யாழ்ப்பாணத் தமிழ் பேசியபோதும், அதற்கு அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது உதவினார் என்பதறிந்து பெருமைப்பட்டவர்களும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பிழைபிடித்தவர்களும் இருந்தனர்.

உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வது அற்பமான விமரிசனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு இன்னொருவரின் திரையிற் பெரும்பாலும் நகைப்புக்காகவே வந்திருக்கையில், “அப்பிடிச் சொல்ல மாட்டம்” என்ற மறுப்பு தன்மானத்தின் குரல். ஆயின் அம்மறுப்பு மிக விரைவில் திருப்தியடைந்துவிடுகிறது. ‘தெனாலி’யின் நாயகன் எதற்கெடுத்தாலும் அஞ்சுபவன், அவ்வச்சத்தின் பின்னால் போர் இருக்கிறது, படம் அவ்வச்சத்தைச் சிரிப்பாக்கி விற்றது. “என்ன வடிவாக் கதைக்கிறார்” என்று மகிழ்ந்த பார்வையாளன், என்ன கதைக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டான்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அத்தகைய கொச்சைத்தனம் உடையதன்று. அதன் நகைச்சுவை மென்மையானது. அதன் மனிதர்கள் விரும்பத்தக்கவர்கள். மனைவியை இழந்து நிற்கும் முதியவருக்கு அருகில் நிற்பதற்கும், போதையில் அழிந்துகொண்டிருக்கும் இளைஞனை மீட்பதற்கும் அக்குடியிருப்பில் எவரும் இல்லாதிருக்கையில் இந்த அகதிக் குடும்பமே துணையாகிறது. பொலிசார் தேடி வரும்போது, குடியிருப்பினர் யாவரும் ஈழத்தமிழிற் பேசி அவர்களை மறைத்துக் காக்கின்றனர். அவ்விடத்தில் அரங்கு கைதட்டுகிறது. இவ்வளவு காலமும் நகைப்புக்குரியதாக இருந்த பேச்சு ஒரு கவசமாக மாறுவது உண்மையிலேயே அழகான கற்பனை. அதை மறுப்பவன் அநியாயக்காரன்.

எனினும் அக்குடும்பம் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை நோக்கவேண்டும். அவர்கள் எல்லோரையும்விட நல்லவர்களாக இருக்கிறார்கள். தருமதாஸ் என்னும் தந்தை கோபங்கொள்வது அரிது, பொறாமை அறியான், தனக்கு நடந்தவற்றைச் சொல்லி எவரையும் சங்கடப்படுத்தமாட்டான். ஓர் அகதி, சராசரியான மனிதனாக, சற்றுச் சிடுசிடுப்பானவனாக, கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கப் பிந்துபவனாக இருந்திருந்தால் அக்குடியிருப்பு அவனுக்காகத் தன் பேச்சை மாற்றியிருக்குமா? நன்மையை நிரூபித்த பின்னரே தங்குமிடம் என்பது கருணையின் நிபந்தனை. உரிமைக்கு அந்நிபந்தனை கிடையாது. படம் கருணையைக் காட்டியது. உரிமை என்ற சொல்லின் அருகில் அது போகவில்லை. விட்டுவந்த நாடும் ஒரு பெயராக மட்டுமே அதில் எஞ்சுகிறது.

இவ்விடத்தில் ஒரு சாதாரணப் பார்வையாளனுக்கு எழக்கூடிய கேள்வி, எழுதப்பட்ட விமரிசனங்கள் பலவற்றினும் கூர்மையானது: “இவை ஏன் காம்புக்குப் போகேல்லை?” மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இப்படிக் கேட்பதற்குக் காரணமுள்ள வீடுகள் உள்ளன. 2022 மார்ச் தொடக்கம் நெருக்கடி தாங்காது கடலைக் கடந்து தனுஷ்கோடியை அண்டிய மணற்றிட்டுகளில் இறங்கியவர்கள், குடியிருப்புகளுக்குப் போகவில்லை. விசாரணைக்குப் பின் மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1983 க்குப் பின் சென்றவர்களுள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர், அங்கு பிறந்த பிள்ளைகள் உட்பட, இன்னும் தமிழ்நாட்டின் முகாம்களிலேயே வாழ்கின்றனர். 2021 இல் அம்முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. அங்கு பிறந்து வளர்ந்தவர்களுட் பலர் சென்னைத் தமிழையும் மதுரைத் தமிழையும் பிசகின்றிப் பேசுவர். அவர்களுக்குப் பேச்சை மறைக்கவேண்டிய தேவை இல்லை, குடியுரிமைதான் இல்லை.

“காம்புக்கு ஏன் போகேல்லை” என்று கேட்பவன் திரைப்படத்தைக் குறைகூற நினைத்துக் கேட்பதில்லை. கதையில் ஒரு முடிச்சு அவிழவில்லை என்ற அளவிலேயே கேட்கிறான். அருகிலிருப்பவர், “அது படம்தானே” என்று சொல்லிவிட, அவனும் தலையசைத்து, “ஓம், ஒருக்காப் பார்க்கலாம்” என்று முடித்துக்கொள்கிறான்.